'மங்கா' என்றால் குழந்தைப் புத்தகம் என்று யார் சொன்னது?

பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போன பருவத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், திருப்பித் தரவேண்டிய புத்தகத்தோடு தன் சொந்தப் புத்தகத்தையும் சேர்த்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறந்தநாளுக்கு மாமா வாங்கிக் கொடுத்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. புரட்டினால் நாலாவது பக்கத்திலேயே ஒருவன் தலை வேறு, உடல் வேறாகக் கிடக்கிறான். அம்மாவை அழைத்துச் சொன்னேன். "காமிக்ஸ்தானே மேடம், சின்னப் பிள்ளைங்க படிக்கிறதுதானே" என்றார்.

இந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. அதனால்தான் அந்தச் சொல்லைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. (நம் நாக்குக்கு 'மாங்கா' என்றுதான் வருகிறது. ஜப்பானியர் 'ம' என்று குறிலாகச் சொல்வார்கள்.)

சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன இரண்டு எழுத்துகள் சேர்ந்தது இந்தச் சொல். 'கா' என்றால் படம். 'மன்' என்ற எழுத்தின் இடப்பக்கம் மூன்று சிறு கோடுகள் இருக்கும்; அவை தண்ணீரின் அடையாளம். கரை மீறி வழிகிற நீர் என்பது அதன் பழைய பொருள். அதிலிருந்து கட்டில்லாதது, இலக்கில்லாமல் போவது என்றெல்லாம் விரிந்தது. ஊர் ஊராக மனம்போல் சுற்றுவதற்கும் ஜப்பானியத்தில் இதே எழுத்தை வைத்து 'மன்யூ' என்று ஒரு சொல் உண்டு. ஆக, மங்கா என்றால் மனம்போன போக்கில் வரைந்த படம். குழந்தை என்ற பேச்சே அதில் இல்லை.

1814இல் நகோயாவில் ஓவியர் ஹொகுசாய் 'ஹொகுசாய் மங்கா' முதல் தொகுதியை வெளியிட்டார். அது கதைப் புத்தகமே அல்ல. குளிக்கிறவர்கள், மல்லர்கள், மீன், செடி, பேய் என்று கண்ணில் பட்டதும் கற்பனையில் வந்ததும் அதில் இருந்தன. ஓவியம் பழகுகிறவர்கள் பார்த்து வரைவதற்கான கையேடு. அவர் இறந்தது 1849இல். கடைசியான 15ஆம் தொகுதி வந்தது 1878இல். 1902இல் கேலிச்சித்திரக்காரர் கிட்டாசாவா ராக்குட்டென் 'ஜிஜி மங்கா' என்ற ஞாயிறு இணைப்பைத் தொடங்கியபோது அந்தச் சொல் செய்தித்தாளுக்குள் வந்து கேலிச்சித்திரத்துக்குப் பெயரானது. அதுவும் பெரியவர்கள் படிக்கிற சமாச்சாரம்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஓவியர் தெசுக்கா ஒசாமுவின் சிறுவர் படக்கதைகள் சக்கைப்போடு போட்டதும், மங்கா என்றாலே பிள்ளைகளுக்கு என்ற எண்ணம் ஜப்பானிலேயே பரவியது. பெரியவர்களுக்காக வரைந்த தட்சுமி யொஷிஹிரோவுக்கு இது ஒத்துவரவில்லை. 1957இல் தன் படைப்புகளுக்கு 'கெகிகா' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். நாடகப் படம் என்று சொல்லலாம். ஆனாலும் இன்று அதையும் சேர்த்தே மங்கா என்கிறார்கள்.

சரி, கடையில் நிற்கும்போது என்ன பார்ப்பது? 'ஷோனென்' என்றால் பையன்களுக்கு, 'ஷோஜோ' என்றால் பெண்பிள்ளைகளுக்கு, 'ஜோசெய்' என்றால் பெண்களுக்கு. 'செய்னென்' என்பதில்தான் ஒரு சிக்கல். இளைஞர் என்ற சொல்லும், வயதுவந்தோர் என்ற சொல்லும் ஜப்பானியத்தில் ஒரே உச்சரிப்பு, எழுத்துதான் வேறு. முதலாவது சாதாரண இளைஞர் கதை. இரண்டாவது ஜப்பானியப் பதிப்பின் அட்டையில் முத்திரையாகவே இருக்கும், பாலியல் காட்சிகளுக்காக. காதால் கேட்டு வாங்காதீர்கள்.

நம் ஊருக்கு வரும் ஆங்கிலப் பதிப்புகளில் விஸ் என்ற பதிப்பகத்தின் வயதுக் குறிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். 'ஏ' எல்லாருக்கும், 'டி' 13 வயதுக்கு மேல், 'டி பிளஸ்' 16க்கு மேல், 'எம்' 18க்கு மேல். பின்னட்டையில் கடுகளவு எழுத்தில் இருக்கும். மங்கா வலமிருந்து இடமாகப் போவதால், நாம் முன்னட்டை என்று நினைத்துத் திறக்கிற பக்கம்தான் அதற்குப் பின்னட்டை. அந்த மாமாவும் அதைக் கையில் பிடித்துத்தான் பணம் கொடுத்திருப்பார். குறி எதுவும் இல்லாவிட்டால் நடுவில் நாலைந்து இடம் பிரித்துப் பாருங்கள். படம்தானே, இரண்டு நிமிடம் போதும்.

அந்தப் புத்தகம் இப்போது அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். பையன் மட்டும் புதிதாக எது வந்தாலும் முதலில் அட்டையைத் திருப்புகிறான். போன வாரம் ஒன்றைத் தானாகவே என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "டி பிளஸ், மேடம். எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு."