மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

புயல் ஓய்ந்த மறுநாள் மரப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, இலை வாடாமல் பச்சைப்பசேலென்று இருந்த மரம் எப்படி வேரோடு சாய்ந்தது என்பதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அத்தகைய மரங்களின் அடியைக் கவனித்தால், ஒரு பக்கத்தில் மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டியபோது அறுபட்ட வேர்களின் பழைய வெட்டுமுகமும் மறுபக்கத்தில் அடிமரத்தை ஒட்டிப் போடப்பட்ட சிமெண்ட் தளமும் அடிக்கடி தென்படும்.

மரத்தின் உயரத்துக்கு ஈடாக ஆணிவேர் கீழே இறங்கியிருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். வளர்ந்த மரங்கள் பெரும்பாலானவற்றில் நிலைமை வேறு. வேருக்கும் காற்று தேவை என்பதால், வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே இருந்துகொண்டு, கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவுகிறது. காற்று ஒரு திசையிலிருந்து தள்ளும்போது, அந்தத் திசையில் ஓடும் வேர்களும் அவற்றோடு சேர்ந்த மண்ணும்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கின்றன. அந்தப் பக்கத்து வேர்களை அறுத்துவிட்டால், மழையில் ஊறி மண் பிடிப்பிழக்கும் நாள்வரைதான் மரம் நிற்கும். அதுவரை இலைகளில் வாட்டமே தெரியாமல் இருக்கலாம், ஏனெனில் நீரை உறிஞ்சுவதற்கு எஞ்சிய வேர்களே போதுமானவையாக இருக்கக்கூடும்.

தரைக்கு மேலே தாங்கும் வேலையை இரண்டு ஏற்பாடுகள் செய்கின்றன. இளந்தளிர்களும் கீரைத் தண்டுகளும் செல்களுக்குள் நிறைந்த நீரின் விறைப்பு அழுத்தத்தால் நிற்கின்றன. நீர் குறைந்தால் தொய்கின்றன. தொட்டிச் செடி தொய்ந்தவுடன் குச்சி நட்டுக் கட்டுவதோ மேலும் நீர் ஊற்றுவதோ வழக்கமாகிவிட்டது. ஆனால் தேங்கிய நீரில் வேர் மூச்சுத்திணறி, நீரை உறிஞ்ச முடியாமல் போனாலும் செடி அப்படியேதான் தொய்யும் என்பதால், முதலில் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதே முறை. மரத்திலோ செல்சுவர்களில் லிக்னின் என்ற கெட்டியான பொருள் படிந்து கட்டையாக இறுகி எடையைத் தாங்குகிறது. அந்தக் கட்டை எங்கே எவ்வளவு சேர வேண்டும் என்பதைக் காற்றின் அசைவும் தீர்மானிக்கிறது. அசையும் கன்று உயரத்தில் சற்றுக் குறைந்தாலும் அடிமரம் தடித்து, வேரையும் வலுவாக்கிக்கொள்கிறது. ஆகவே கன்றை இரும்புக் கம்பியோடு இறுக்கிக் கட்டி ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதைப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன். தேவையென்றால் தாழ்வாக, நெகிழ்வாகக் கட்டி, வேர் பிடித்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

நீர்த்தாவரங்களுக்குக் கட்டையைச் சேர்க்கும் இந்தச் செலவே இல்லை. நீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு என்பதால், வேலம்பாசி போன்ற மூழ்கிய செடிகளை நீரே தூக்கி நிறுத்துகிறது. அவற்றில் லிக்னின் மிகக் குறைவு. நீரையும் உணவையும் கடத்தும் திசுக்கள் தண்டின் நடுவில் ஒன்றுசேர்ந்திருப்பதால், கயிறுபோல் ஓட்டத்தோடு வளைந்துகொடுத்து அறுபடாமல் இருக்கின்றன. தாமரைத் தண்டை ஒடித்தால் தெரியும் துளைகள் காற்றறைகள். தண்டை இலேசாக்குவதோடு, சேற்றில் புதைந்த கிழங்குக்குக் காற்றையும் அவை கொண்டுசெல்கின்றன. ஆகாயத்தாமரையின் காம்பு புடைத்து மிதவையாவதும் இதே காற்றறைகளால்தான். தாமரைத் தொட்டியைக் கழுவ நீரை வடித்தவுடன் மிதக்கும் இலைகளின் காம்புகள் மடிந்து விழுவதைக் கண்டு செடி செத்துவிட்டதாகச் சிலர் பதறுகிறார்கள். அந்தக் காம்புகள் நீரின் தாங்கலை நம்பி வளர்ந்தவை. நீரை மீண்டும் நிரப்பும்வரை கிழங்கு காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிலத்துக்கும் நீருக்கும் இடைப்பட்ட சேற்றில் நிற்கும் மரங்களைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் பார்க்கலாம். சுரபுன்னை தண்டிலிருந்து வளைந்திறங்கும் முட்டு வேர்களால் அகலமாகக் காலூன்றுகிறது. வெண்கண்டல் சேற்றுக்குள் கிடைமட்டமாக வேர்களைப் பரப்பி, மூச்சுக்காகச் சுவாச வேர்களை மேலே நீட்டுகிறது. மண் இளகியிருக்கும் இடத்தில் ஆழத்தைவிட அகலமே கைகொடுக்கிறது.

நகரத்து மரங்களுக்கு நாம் மறுப்பது அந்த அகலத்தைத்தான். 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. பெரிய மரத்துக்கு ஒரு மீட்டர் போதாது என்பது என் கருத்து. வீட்டு வாசலில் மரம் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன் அடிமரத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சாய்ந்து, நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும் மரம் அந்தச் சாய்வுக்கேற்பக் கட்டையைக் கூட்டிக்கொண்டிருக்கும். அதைப் பெரும்பாலும் விட்டுவைக்கலாம். நேராக நின்ற மரம் அண்மையில் சாய்ந்து, எதிர்ப்பக்கத்தில் மண் மேலெழுந்தோ வெடித்தோ காணப்பட்டால், கிளைகளைக் கழிப்பதைப் பற்றி யோசிக்கும் முன் அதன் கீழிருந்து ஆட்களையும் வண்டிகளையும் அகற்றிவிட்டு, அனுபவமுள்ளவரை அன்றே அழைக்க வேண்டும்.