ஆடிட் 0 காட்டினால் ஓட்டை இல்லை என்று அர்த்தமா?

சென்ற வாரம் சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு மென்பொருள் குழுவின் நிரலைப் (கோட்) பார்க்கப் போயிருந்தேன். "என்பிஎம் ஆடிட் ஓட்டிட்டோம் அண்ணா, 0 தான்" என்றார் அங்கிருந்த தம்பி. நாம் எடுத்துப் பயன்படுத்தும், பிறர் எழுதிய பேக்கேஜ்களில் தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகள் உள்ளனவா என்று பார்க்கும் கருவி அது. இந்த ஆண்டில் இதை நான் கேட்பது நான்காவது முறை.

பேக்கேஜ் பட்டியலில் நிறுவனத்தின் பெயரோடு ஒரு 'யூட்டில்ஸ்' இருந்தது. திறந்தால் உள்ளே முழு லோடாஷ் 4.17.10 (பலரும் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்). காரணம் நியாயமானதுதான். லோடாஷில் சொற்களின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் ஸ்டார்ட்கேஸ் ஃபங்ஷன், 'முருகன் எஸ்/ஓ வேலு' என்ற பெயரில் உள்ள சாய்கோட்டை எடுத்துவிட்டு 'எஸ் ஓ' என்று பிரித்துப் போடும். பெயர் அடையாள அட்டையில் இருப்பதுபோல வரவேண்டும். அந்த 3 வரிக்காக 2018இல் யாரோ மொத்தத்தையும் நகலெடுத்து, புதுப் பெயர் வைத்து, நிறுவனத்தின் உள் ரெஜிஸ்ட்ரியில் (பேக்கேஜ் கிடங்கில்) ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். டிஃபால்ட்ஸ்டீப் என்ற ஃபங்ஷனில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை லோடாஷ் 2019இல், 4.17.12இல் அடைத்துவிட்டது. இங்கே அது இன்னும் திறந்து கிடக்கிறது. வெளியிலிருந்து வரும் ஜேசான் தரவையும் அதே ஃபங்ஷனுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்: ஆடிட் உங்கள் நிரலைப் படிப்பதில்லை. பேக்கேஜின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எடுத்து, தெரிந்த ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. அவ்வளவுதான். பெயரை மாற்றிவிட்டால் ஒப்பிட எதுவுமே இல்லை. மருந்தை வேறு டப்பாவில் கொட்டி வைத்த வீட்டில், அந்த மருந்தைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால் யாருக்குத் தெரியும்? அந்த 0, 'எனக்குத் தெரிந்த பெயர்களில் ஒன்றும் இல்லை' என்று மட்டுமே சொல்கிறது. சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்புக் குழுவான சிங்செர்ட் எச்சரிக்கை அனுப்பினாலும் அதே கதைதான், அதில் 'லோடாஷ்' என்றுதான் இருக்கும்.

சரி, என்ன செய்வது? முதலில், ஃபோர்க் (இப்படி நகலெடுத்துத் தனியாக வைத்துக்கொள்வது) வேண்டுமா என்று கேளுங்கள். பெயரைச் சீர்படுத்த 10 வரியில் சொந்த ஃபங்ஷன் போதும். பேக்கேஜுக்குள்ளேயே கை வைத்தாக வேண்டுமென்றால் மாற்றத்தை மட்டும் மேலே ஒட்டும் பேட்ச்-பேக்கேஜ் போன்ற கருவியைப் பயன்படுத்துங்கள். மூலப் பெயர் அப்படியே இருப்பதால் ஆடிட்டின் கண்ணில் படும், உங்கள் மாற்றமும் தனிக் கோப்பாகத் தெரியும். பதிப்பை ஏற்றும்போது பேட்ச் பொருந்தவில்லையென்றால் அது கத்தும். கத்தட்டும், நல்லதுதான்.

ஃபோர்க் தவிர்க்கவே முடியாதா? அப்படியானால் கிட் வரலாற்றோடு (யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவோடு) எடுங்கள். நிரலை ஒட்டி 'முதல் கமிட்' என்று போடாதீர்கள், பிறகு அப்ஸ்ட்ரீமை (மூலத் திட்டத்தின் புது மாற்றங்களை) மெர்ஜ் செய்வது நரக வேதனை. பேக்கேஜ் பட்டியலில், நகர்ந்துகொண்டே இருக்கும் பிராஞ்சைச் சுட்டாமல் மாறாத கமிட்டைச் சுட்டுங்கள். மாற்றத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் ஃபோர்க்கையே தூக்கிப் போடலாம். அப்புறம், பொறுப்பாக ஓர் ஆளின் பெயர் இருக்கட்டும், 'டீம்' என்று எழுதாதீர்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே (ஜாவா பேக்கேஜ்) ஓட்டைகளை அடைக்க ஒரே மாதத்தில் 2.15.0 முதல் 2.17.1 வரை 4 பதிப்புகள் விட்டது. ஃபோர்க் வைத்திருந்தவர் 4 முறையும் தன் கையால் இழுத்திருக்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன். இந்த வாரம் பட்டியலைத் திறந்து, உங்கள் நிறுவனப் பெயரோடு தொடங்கும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் எதிரே, அது எதிலிருந்து, எந்தப் பதிப்பிலிருந்து பிரிந்தது என்று எழுதுங்கள். எழுத முடியாத வரியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.