பழைய பிக்கப்: பார்ட்டை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமிருந்து பெங்களூரு கலாசிபாளையத்துக்கும் சிங்கேன அக்ரஹாராவுக்கும் லோடு அடிக்கும் பிக்கப்புகளில் பத்து வருஷம் தாண்டியவை ஏராளம். கோளாறு வந்தால் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைக்காத பார்ட் இல்லை, உடனே வாங்கி மாட்டிவிடுகிறோம். ஆனால் ஆயில் சீல் மூன்றாம் முறை மாற்றியும் ஒழுகுகிறது. புது பேட்டரி போட்டும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ரேடியேட்டரையே மாற்றியும் ஹீட் ஏறுகிறது. பழைய பார்ட் கெட்டிருந்தது உண்மைதான். அதைக் கெடுத்தது எதுவோ அது இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு வாங்குங்கள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது எல்லா ஏரியாவிலும் பார்க்கிற காட்சி. பாரம் ஏறும்போது அது விரிசல் காட்டிவிட்டு உடைவதில்லை, ஒரேயடியாக நொறுங்கும்.

ஹீட் எப்போது ஏறுகிறது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல். லோடோடு சூளகிரி ஏற்றத்தில் ஏறி, நெரிசலில் சும்மா இருந்தால் சந்தேகம் ரேடியேட்டர் உள் அடைப்பு, கீழ் ஹோஸ், நழுவும் பெல்ட் ஆகியவற்றின் மேல். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு வரை சுமார் 400 மீட்டர் ஏற்றம். அதுவும் லோடோடு ஏறுகிற பக்கம் இதுதான்.

இன்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கிளட்ச் வைத்த ஃபேன் என்றால் லேசாகப் பிடித்து நிற்க வேண்டும். விட்டதும் சுழன்றுகொண்டே போனால் கிளட்ச் போய்விட்டது. கீழ் ஹோஸை அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால், அதிக ஆர்.பி.எம்.மில் பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஓட்டத்தையே அடைக்கும். வண்டி நிற்கும்போது ஹோஸ் பழையபடி விரிந்துவிடும். அதனால்தான் ஒர்க்ஷாப்புக்குப் போனால் கோளாறு தெரிவதில்லை.

அடைப்பைப் பார்க்க, வண்டியை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகப்பை வரிசையாக அளந்து பாருங்கள். நடுவில் சில இடம் மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. (கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது காய்ச்சல் அளவோடு நின்றுவிடும்.) அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். வாளியின் ஓரத்தில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. ரேடியேட்டரை மாற்றிவிட்டு மறுபடி போர்வெல் தண்ணீரையே ஊற்றினால் புதியதும் அடைக்கும்.

கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) மாற்ற, வண்டி முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பழையதை இறக்கி, சுத்தமாக வரும்வரை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாதி. கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறம் ஒன்று என்பதற்காக இரண்டு வகையைக் கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது. மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓட விட்டு, மேல் ஹோஸ் சூடாகும்வரை காத்திருங்கள். தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்ததும் மட்டம் இறங்கும், அப்போது நிரப்புங்கள். இறக்கிய கூலன்ட் விஷம், இனிப்பாகவும் இருக்கும். தெருநாய் நக்கிவிடாதபடி உடனே மூடி வையுங்கள்.

ரேடியேட்டர் மூடி சாதாரணப் பொருளாகத் தெரியலாம். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இந்தக் கொதிநிலையைக் கிட்டத்தட்ட 20 டிகிரி ஏற்றித் தருகிறது. ரப்பர் வெடித்த மூடியோடு ஓடும் வண்டி ஏற்றத்தில் கொதிக்கத்தான் செய்யும். எந்த அளவு என்பது மூடியிலேயே எழுதியிருக்கும், அதே அளவு வாங்குங்கள்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுங்கண்ணே, ஹீட்டே வராது" என்று சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் தேய்மானமும் டீசல் செலவும் கூடும். பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே மூடுகிற இன்ஜின்களில், அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். ஹீட் கூடவும் செய்யலாம். சந்தேகமிருந்தால் சட்டியில் தண்ணீரோடு போட்டுக் கொதிக்க வையுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் நல்லது.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, மூடி திறந்திருக்கும்போது குமிழி விடாமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு) போயிருக்கலாம். அத்தோடு வீட்டு வேலையை நிறுத்திவிடுங்கள்.

செல்ஃப் எடுக்காதபோது

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினால் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்து இழுத்துச் சுற்றினால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கில் இருக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில் குறை. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பழைய வண்டிகளில் இதோடு தீர்கிற கேஸ்கள் நிறைய.

பின் டிரம், ஆயில் சீல், கூடுதல் பட்டை

பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் தொட்டு மோந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் ஹவுசிங் ஆயில், அதாவது பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியர் ஆயில். தண்ணீர் போல நீர்த்திருந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. ஹவுசிங் ஆயில் என்றால் சீல் வாங்கும் முன் ஆக்ஸில் ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதரை, அதாவது காற்று வெளியேறும் துவாரத்தைத் தேடுங்கள். விரல் நுனி அளவு மூடி, சேறு படிந்து அடைத்திருக்கும். ஓட ஓட உள்ளே சூடாகும் காற்றுக்கு வேறு வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. மூன்றாம் முறை ஒழுகும் சீலுக்குப் பல வண்டிகளில் காரணம் இதுவே. ஆயிலில் ஊறிய பிரேக் லைனரைப் பெட்ரோலில் கழுவி மாட்டாதீர்கள்; சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக்கில் ஏர் எடுப்பது, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. உங்கள் வண்டி மேனுவல் வேறு மாதிரி சொன்னால் அதன்படி. வெளியே வந்த ஆயிலை மறுபடி ஊற்றக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

அதிக லோடுக்காக ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல பிக்கப்புகளில் சேஸிக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு கம்பியோடு வால்வு இருக்கும். லோடு ஏறி சேஸி தாழ்ந்தால்தான் அது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். பட்டை கூடினால் சேஸி தாழாது. வண்டி காலி என்றே வால்வு நினைக்கும். முழு லோடோடு சூளகிரி இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் பாடுபட்டுக் காய்ந்து, முன் பேட் சீக்கிரம் தீரும். ஒர்க்ஷாப்பில் இந்த வால்வை செட் செய்யச் சொல்லுங்கள். அதைவிட, கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு அனுமதித்த எடையோடு ஓட்டுவது மேல்.

காமன் ரயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்க முயலாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டீசல் ஃபில்டர் அடியிலுள்ள தண்ணீரை இறக்குவது, கைப்பம்ப் அடிப்பது, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம். தேதிக்கு ஒரு மாதம் முன்பே பின் டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டால், ஒழுகலைச் சரி செய்யவும் லைனர் படியவும் நேரம் கிடைக்கும்.