புரோட்டான் எங்கே நிற்கும்?

விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அண்டக்கதிர்களை ஆராயும் ஊட்டி கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் கதிர்களில் பெரும்பங்கு, அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் என்ற துகள்களே என்றதும் ஒரு சிறுமி எழுந்தாள். "சார், எங்க தம்பிக்கு மூளையில கட்டி. மெட்ராஸ்ல புரோட்டான் வைக்கலாம்னு சொல்றாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?"

துகள் ஒன்றுதான். வானத்துப் புரோட்டான்களில் சில, மருத்துவமனைப் புரோட்டானைவிட லட்சக்கணக்கான மடங்கு ஆற்றல் கொண்டவை. சிகிச்சைக்கு அவ்வளவு தேவையில்லை. துகளின் ஆற்றலை அளக்கும் கணக்கில் சுமார் 230 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் போதும். அங்கே முக்கியம், துகள் எங்கே நிற்கிறது என்பது.

வழக்கமான கதிர்சிகிச்சையில் பாய்ச்சும் எக்ஸ் கதிர் கட்டியைத் தாண்டி மறுபக்கமும் போகும். புரோட்டான் அப்படியல்ல. மார்க்கெட்டில் விறுவிறுவென நடப்பவரிடம் கடைக்காரர் எதுவும் விற்க முடியாது. கால் ஓய்ந்து நின்றால் பணப்பை காலி. புரோட்டானும் வேகம் குறையக் குறையத்தான் அதிக ஆற்றலை இழக்கும், நிற்கும் இடத்தில் கொட்டித் தீர்க்கும். இதுதான் பிராக் உச்சி. இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் எழுதியது 1946இல். அந்தச் சிகிச்சை சென்னை தரமணிக்கு வந்தது 2019இல்!

கட்டிக்குப் பின்னால் உள்ள நல்ல பகுதி தப்பிப்பதால் வளரும் மூளைக்கு இது பெரிய லாபம். ஆனால் நிற்கும் இடத்தை ஸ்கேன் படத்திலிருந்து கணக்கிடுவதில் சுமார் 3 சதவீதம் பிசகலாம்; 10 செ.மீ. ஆழத்தில் அது 3 மில்லிமீட்டர். மூச்சையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு பக்கத்திலிருந்தால் அது சின்ன விஷயமா? இரண்டு வேறு ஆற்றல்களில் படமெடுக்கும் இரட்டை ஆற்றல் சி.டி. ஸ்கேனும், புரோட்டான் பாயும்போது பிறக்கும் காமாக் கதிரைப் பிடித்து இடத்தை அறியும் முயற்சியும் இதற்காகத்தான். இன்னொரு சிக்கல்: செல்களைச் சேதப்படுத்துவதில் புரோட்டானுக்கு எக்ஸ் கதிரைப்போல் 1.1 மடங்கு வீரியம் என்றே திட்டமிடுவார்கள், பாதையின் கடைசி நுனியிலோ அது இன்னும் கூடும். ஆகவே அந்த நுனி மூளைத்தண்டில் விழாதபடி கோணங்களை மாற்றும் கணக்குகள் வந்துகொண்டிருக்கின்றன.

நொடிக்குள் கதிரின் முழு அளவையும் செலுத்தும் ஃப்ளாஷ் முறைக்கு இப்போது பெரிய பேச்சு. 2020இல் மனிதரிடம் தொடங்கிய முதல் புரோட்டான் ஃப்ளாஷ் சோதனை கைகால் எலும்புகளில்தான். மூளைக்கு வர நாளாகும். பெரியவர்களுக்கு வரும் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றில் புரோட்டான் ஆயுளைக் கூட்டும் என்பதும் இதுவரை நிரூபணமாகவில்லை. விளம்பரங்களை நம்பிக் கடன் வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிறுமியின் கவலை வேறு. "அவன் அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க மாட்டானே சார்?"

முகத்துக்கு அளவெடுத்த வலைமுகமூடி போட்டு மேசையோடு பொருத்துவார்கள். ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து. வாரத்துக்கு ஐந்து நாள், பெரும்பாலும் ஆறு வாரம்.