ஒன்றரை நிமிடத்தில் ஒரு மேட்டூர் அணை

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12-இல் அதன் மதகு திறக்குமா என்பதைப் பார்த்தே டெல்டாவில் குறுவைக்கு நாற்று விடுகிறோம். புளோரிடாவுக்கும் பகாமாஸ் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலில் அவ்வளவு நீரும் ஓடிக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் போதும். வளைகுடா நீரோட்டம் எனப்படும் அந்தக் கடலாறு, நொடிக்குச் சுமார் 3 கோடி கன மீட்டர் நீரை வடக்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. புளோரிடா, பெர்முடா, போர்ட்டோ ரிக்கோ மூன்றையும் இணைத்து வரையப்படும் பெர்முடா முக்கோணத்தில் கப்பல்கள் தடயமின்றி மறைவதற்குக் காரணம் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த நீரைத்தான்.

அதன் மேற்பரப்பு வேகம் நொடிக்கு 2 மீட்டரை எட்டும். அதாவது மணிக்கு 7 கி.மீ. நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே மாலை ஆறு மணிக்கு எஞ்சின் நின்றுபோன விசைப்படகு ஒன்றை அத்தகைய ஓட்டம் தெற்கே இழுப்பதாகக் கொண்டால், மறுநாள் காலை ஆறு மணிக்கு அது கோடியக்கரையையும் தாண்டி 30 கி.மீ. போயிருக்கும். நாகைக்கு எதிரே தேடுகிறவர்களுக்கு ஒரு பலகைகூட அகப்படாது.

இந்த ஓட்டத்தை எதிர்த்து வாடைக்காற்று வீசினால் நிலைமை இன்னும் மோசம். பூம்புகாரில் காவிரி வெள்ளம் கடலில் சேரும் இடத்தில், எதிரே வரும் அலை நெருங்கிக் குறுகி, செங்குத்தாக நிமிர்ந்து உடையும். எதிர்நீர் அலையின் நீளத்தைச் சுருக்குவதால் அதன் உயரம் கூடுகிறது. அங்கும் நடப்பது இதுதான், பல மடங்கு பெரிய அளவில்.

காம்பஸ் குழம்புகிறது என்ற கதைக்கு அவ்வளவு மதிப்பில்லை. காம்பஸ் முள் காட்டும் காந்த வடக்கும் வரைபடத்தின் உண்மை வடக்கும் ஒன்றுபடும் கோடு முன்பு அப்பகுதி வழியே சென்றது உண்மை. ஆனால் அக்கோட்டில் செல்பவருக்குத் திருத்தக் கணக்கே தேவையில்லை. நம் கரையிலும் வேறுபாடு ஓரிரு பாகைதான்.

1945 டிசம்பர் 5 அன்று 14 பேருடன் காணாமற்போன 5 அமெரிக்கக் கடற்படை விமானங்களின் தலைவர், தம் காம்பஸ்கள் பழுதாகிவிட்டதாக வானொலியில் தெரிவித்தார். அவரை வழிதவறச் செய்தது, கீழே தெரிந்த பகாமாஸ் தீவுகளைப் புளோரிடாவின் தென்கோடித் தீவுகள் என்று நம்பியதே. அவர்களைத் தேடப் புறப்பட்டு, 13 பேருடன் மறைந்த இன்னொரு விமானம் தொடர்பாக, கடல்மேல் தீப்பிழம்பு எழுந்ததைக் கண்டதாக அவ்வழியே சென்ற கப்பல் ஒன்று அன்றிரவே அறிவித்தது. மர்மக் கதை சொல்வோர் பலர் இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்.