ஒரே செயலி, பல பேர்

"ஒரு கணினியில் ஒரே செயலிதான் (நிரல்களை ஓட்டும் பிராசசர்) இருந்தது என்றால், அந்தக் காலத்தில் பல பேர் ஒரே சமயத்தில் எப்படி வேலை பார்த்தார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் அப்படி வேலை பார்க்கவே முடியாது. அட்டையில் துளையிட்ட நிரலைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. இதை மாற்றச் சொல்லி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி 1959 தொடக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். 1961 நவம்பரில் அங்கேயே பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே கணினியின் நேரத்தைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் சிடிஎஸ்எஸ் அமைப்பை ஐபிஎம் 709 இயந்திரத்தில் ஓட்டிக் காட்டியது.

அடிப்படை எளிது. கணினிக்குள் இருக்கும் கடிகாரம் 'நேரம் முடிந்தது' என்று குறுக்கிட்டதும் ஓடும் நிரலை நிறுத்தி, நினைவகத்தில் இருப்பதை வெளியே எழுதிவைத்து, அடுத்தவருடையதை ஏற்ற வேண்டும். ஆனால் இந்த ஏற்றி இறக்குவதே நேரத்தைத் தின்றுவிடும். அடிக்கடி மாற்றினால் இயந்திரம் வேறெதுவும் செய்யாது; மாற்றாவிட்டால் தட்டச்சு செய்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சரி, யாருக்கு அவசரம் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? 1962இல் கோர்பாட்டோ குழு சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது: யாரையும் கேட்கவே வேண்டாம், நடத்தையைப் பார்த்தால் போதும். பல வரிசைகள் இருக்கும். மேல் வரிசையில் 1 பங்கு நேரம், அடுத்ததில் 2, அப்புறம் 4, 8. கொடுத்த நேரத்தில் வேலை முடியாவிட்டால் நிரல் ஒரு படி கீழே இறங்கும். மேல் வரிசைகள் காலியானால்தான் கீழே இருப்பதற்கு முறை வரும். ஒரு வரியைத் திருத்துபவரின் வேலை நொடியில் முடிவதால் அவர் மேலேயே இருப்பார், உடனே பதிலும் கிடைக்கும். நீண்ட கணக்கு தானாகக் கீழே போய்ச் சேரும். முறை அரிதாக வந்தாலும், வரும்போது நீளமாகக் கிடைப்பதால் ஏற்றி இறக்கும் செலவு குறையும். நிரல் பெரியதென்றால், அதை ஏற்றவே நேரமாகும் என்பதால் தொடக்கத்திலேயே கீழ்ப்படியில் சேர்த்துவிடுவார்கள். இன்றைய விண்டோஸிலும் இந்த யோசனையின் சாயலைப் பார்க்கலாம்.

1963இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான ஆர்ப்பாவின் நிதியில் எம்.ஐ.டி.யில் ப்ராஜெக்ட் மேக் என்ற கணினி ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த வருடமே லாபம் காட்டச் சொல்லும் நிதிக் குழுக்களிடம் நான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது இந்தத் திட்டத்தைத்தான். ஒரே இயந்திரத்தில் பலருடைய கோப்புகள் சேர்ந்ததால் கடவுச்சொல் தேவைப்பட்டது. ஒருவருக்கொருவர் சேதி விட்டுவைக்க, 1965இல் டாம் வான் வ்லெக்கும் நோயல் மாரிசும் சிடிஎஸ்எஸில் மெயில் கட்டளையை எழுதினார்கள்.