மார்மலேடைக் 'கூழ்' என்று எழுதாதீர்கள்

போன தை மாதம் ஒரு மொழிபெயர்ப்புச் சமையல் புத்தகத்தை நம்பி ஒரு கிலோ ஆரஞ்சையும் இரண்டு கிலோ சர்க்கரையையும் பாழாக்கினேன். அந்தப் பக்கத்தின் தலைப்பு 'ஆரஞ்சுப் பழக்கூழ்'. பழத்தைத் தோலோடு வேகவைத்துக் கூழாக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தது. நானும் மிக்ஸியில் போட்டு வழுவழுவென்று அரைத்து, சர்க்கரை சேர்த்துக் கிளறினேன். வந்தது சேற்று நிறத்தில் ஒரு விழுது. நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, அடுத்த கணமே தொண்டை வரைக்கும் கசப்பு. அம்மா கரண்டி நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாரத்தங்காய்க்கும் இதுக்கும் தோலுதானே உசிரு, அதையா மிக்ஸியில போட்டே?"

பிறகுதான் புரிந்தது. மூலத்தில் இருந்தது மார்மலேட்: ஆரஞ்சைத் தோல் சீவலோடு சர்க்கரையில் காய்ச்சி, ரொட்டியில் தடவிக்கொள்ளும் பண்டம். அதில் தோலை மெல்லிய சீவலாக நறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர் தலைப்புக்குக் 'கூழ்' என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் கூழ் என்றால் அரைக்கத்தானே வேண்டும் என்று செய்முறையும் அதற்கேற்ப வளைந்துவிட்டது. ஒரு தவறான சொல் அடுப்பு வரைக்கும் வந்து பண்டத்தைக் கெடுத்த கதை இது. அதற்குப் பிறகு பார்க்கும் இடமெல்லாம் இந்தக் 'கூழ்' கண்ணில் படுகிறது: காணொளிகளின் தமிழ் வரிகளில், இறக்குமதிக் குப்பிகளில் ஒட்டிய தாளில், மொழிபெயர்ப்பு நாவல்களின் காலை உணவுக் காட்சிகளில். ஆகவே இந்தச் சொல்லைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

மார்மலேட் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்துக்கு இது போர்த்துக்கீசிய 'மார்மெலாடா'விலிருந்து வந்தது. 'மார்மெலோ' என்பது நம் அகராதிகள் சீமைமாதுளை என்று குறிக்கும், ஆப்பிள் போன்ற குவின்ஸ் பழம். அதற்கும் பின்னால் லத்தீன், அதற்கும் பின்னால் கிரேக்கத்தின் 'மெலிமெலோன்': தேன் ஆப்பிள் என்று பொருள். ஆக, ஆரஞ்சுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடக்கத்தில் எந்த உறவும் இல்லை. சீமைமாதுளையைச் சர்க்கரையோடு இறுகக் காய்ச்சிக் கத்தியால் வெட்டித் தின்னும் கட்டிக்கே அந்தப் பெயர். போர்ச்சுகலில் இன்றும் அப்படித்தான். 1524-இல் எக்சிடர் நகரத்து ஹல் என்பவர் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு மார்மலேட் பரிசளித்ததாகப் பதிவு இருக்கிறது. அது ஒரு பெட்டி மார்மலேட். குப்பியில் ஊற்றும் பண்டமாக இருந்தால் பெட்டியில் எப்படிப் போயிருக்கும்?

ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு உடம்பு சரியில்லாதபோது கொடுத்ததால் 'மேரி மலாட்' (நோயுற்ற மேரி) என்று பிரெஞ்சில் பெயர் வந்தது என்றொரு கதை உலவுகிறது. மேரி பிறந்ததே 1542-இல். அந்தக் கதையை விட்டுவிடலாம்.

பின்னர் சீமைமாதுளையின் இடத்தை ஸ்பெயினின் செவில் நகரத்துக் கசப்பு ஆரஞ்சு பிடித்தது. கட்டி இளகிக் குப்பிக்கு மாறியது. 1797 வாக்கில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துக் கெய்லர் குடும்பம் தோல் சீவல் மிதக்கும் மார்மலேடை வணிகமாக்கியது. அதை அவர்களே கண்டுபிடித்ததாகச் சொல்வது மிகை. தோலோடு காய்ச்சும் முறை அதற்கு முன்பே இருந்தது. அவர்களால் அது வீட்டுக்கு வீடு போனது.

எனவே சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு தமிழாக்கினால் 'சீமைமாதுளைப் பாகு' என்று வந்து நிற்கும். யாருக்கும் பயனில்லை. இன்று அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பார்த்துத்தான் தமிழில் பெயர் வைக்க வேண்டும். ஐரோப்பாவிலேயே இதில் பெரிய இழுபறி. ஜெர்மன்காரர்கள் எந்தப் பழத்து ஜாமையும் 'மார்மலாடே' என்பார்கள். ஆங்கிலேயர்களுக்கு அது ஆரஞ்சு, எலுமிச்சைக் குடும்பத்துக்கு மட்டுமே உரியது. 1979-இல் ஐரோப்பியச் சமூகம் ஆங்கிலேயர் பக்கம் நின்று விதி எழுதியது. 2001-ஆம் ஆண்டு விதிப்படி 1,000 கிராம் மார்மலேடில் எலுமிச்சைக் குடும்பப் பழம் 200 கிராமாவது இருக்க வேண்டும். அதில் 75 கிராம் சுளைப் பகுதியிலிருந்து வர வேண்டும். 2024-இல் மறுபடியும் திருத்தினார்கள். இனி விரும்பும் நாடுகள் பிற பழ ஜாமையும் மார்மலேட் என்று விற்க அனுமதிக்கலாம். ஆரஞ்சு, எலுமிச்சையில் செய்ததற்கு 'சிட்ரஸ் மார்மலேட்' என்று முழுப் பெயர். ஒரு சொல்லின் எல்லைக்காக இத்தனை ஆண்டு மல்லுக்கட்டுகிறார்கள். நாம் ஜாம், ஜெல்லி, மார்மலேட், பியூரே, பல்ப் ஐந்தையும் 'கூழ்' என்ற ஒரே பானைக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கூழ் என்ற சொல்லுக்குத் தமிழில் இடம் தெளிவாக இருக்கிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுவது கூழ். கேழ்வரகில், கம்பில் காய்ச்சிக் குடிப்பது கூழ். மொட்டை மாடியில் வற்றல் பிழிவதற்குக் கிண்டுவது கூழ். கரைந்து, குழைந்து, உருத் தெரியாமல் ஒன்றாகிப்போனது எதுவோ அதுவே கூழ். பழத்துக்கு வந்தாலும் அதே பொருள்தான். கிருஷ்ணகிரி பக்கம் போய் 'மாங்கூழ்' என்று சொல்லிப் பாருங்கள். தோலும் கொட்டையும் நீக்கி, சதையை அரைத்து, டின்னில் அடைத்து ஏற்றுமதி செய்யும் சரக்கு என்று மாந்தோப்புக்காரரிலிருந்து லாரி ஓட்டுநர் வரை எல்லோருக்கும் தெரியும். மாங்கூழ்த் தொழிற்சாலை, மாங்கூழ் விலை என்று செய்தித்தாளும் எழுதுகிறது. தொழிலில் ஊன்றிவிட்ட, துல்லியமான, நல்ல தமிழ்ச் சொல். அதைத் தூக்கி, தோலே உயிரான ஒரு பண்டத்தின் தலையில் வைப்பது இரண்டு சொல்லையும் கெடுப்பது. மாங்கூழில் தோல் ஒரு துணுக்கு கிடந்தால் குறை. மார்மலேடில் தோல் இல்லாவிட்டால் அது மார்மலேடே இல்லை.

'அப்படியானால் பழப்பாகு என்று சொல்லலாமே' என்பார்கள். பழப்பாகு நல்ல சொல்தான், ஜாமுக்கு ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள், அது அங்கேயே இருக்கட்டும். 'பாகு என்றால் ஒழுகும், மார்மலேட் இறுகியிருக்குமே' என்று ஒரு நண்பர் மறுத்தார். அவருக்கு என் பதில் மைசூர்பாகு. பாகு என்ற சொல் ஒழுகுவதையும் சொல்லும், பதம் முற்றி இறுகியதையும் சொல்லும். அதிரசத்துக்கு ஒரு பாகு, பொரிவிளங்காய் உருண்டைக்கு ஒரு பாகு, கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று சர்க்கரை கொதியேறும் ஒவ்வொரு படிக்கும் நம் அடுக்களையில் பெயர் உண்டு. மார்மலேடும் பதம் பார்த்து இறக்க வேண்டிய பண்டம். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே ஆடைபோலச் சுருக்கம் விழ வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 104 அல்லது 105 டிகிரி செல்சியஸ். இதைப் பாகு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

தூய தமிழில் ஆழ்ந்த பற்றுள்ள ஒருவர் 'இளகம்' என்ற சொல்லை முன்வைத்தார். லேகியத்துக்கான தமிழ்ச் சொல் அது. அழகான சொல், அவருடைய அக்கறையையும் மதிக்கிறேன். ஆனால் இளகம் என்றதும் நெல்லிக்காயளவு உருட்டிக் காலை மாலை இருவேளை என்று மருந்துதான் நினைவுக்கு வரும். ரொட்டியில் தடவும் பண்டத்துக்கு அது பொருந்தாது. 'மணப்பாகு' என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் சித்த மருத்துவத்துக்குச் சொந்தம். மாதுளை மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு என்று நீராக ஒழுகுவதைக் குறிப்பது. பிற துறையில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்கி நடுவது தமிழ்ப்பற்று ஆகாது. இருப்பதைக் கலைக்காமல் இல்லாததை ஆக்குவதே சொல்லாக்கம்.

என் பரிந்துரை 'தோற்பாகு'. தோல் போட்ட பாகு. தோலும் பையும் சேர்ந்து தோற்பை, தோலும் பாவையும் சேர்ந்து தோற்பாவை, அதே புணர்ச்சி. தோல் என்றதும் செருப்புத் தோல் நினைவுக்கு வருகிறதே என்று கேட்கலாம். தனியாக எழுதினால் அந்தச் சிக்கல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பண்டத்தைப் பழத்தின் பெயர் இல்லாமல் யாரும் சொல்வதில்லை. நாரத்தைத் தோற்பாகு, எலுமிச்சைத் தோற்பாகு, ஆரஞ்சுத் தோற்பாகு. இலங்கையில் தோடம்பழத் தோற்பாகு. பழம் முன்னால் வந்ததும் மாட்டுத் தோல் விலகிவிடும். பேச்சில் மார்மலேட் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பொருள் தெரிந்து வாங்கிய கடன்சொல், பொருளைத் திரிக்கும் தமிழ்ச் சொல்லைவிட மேல்.

நாரத்தையை முதலில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. வடமொழி 'நாரங்க', பாரசீக 'நாரங்', அரபு 'நாரஞ்', ஸ்பானிய 'நாரான்ஹா', முதலெழுத்து உதிர்ந்த ஆங்கில 'ஆரஞ்சு' எல்லாம் ஒரே தொடர். அதன் அடி திராவிட மொழிகளில் இருக்கிறது என்றே சொற்பிறப்பு அகராதிகள் பலவும் கருதுகின்றன. நம் நாரத்தையை அந்தக் குடும்பத்தில் வைக்கின்றன. அரபியர் வழியே ஐரோப்பாவுக்கு முதலில் போனதும் கசப்பு ஆரஞ்சுதான். இனிப்பு ஆரஞ்சு பரவியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. செவில் ஆரஞ்சு நமக்குச் சந்தையில் கிடைக்காது என்று வருந்துபவர்கள் நாரத்தங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தோல் கொண்ட கமலா ஆரஞ்சில் தோலும் ஏமாற்றும், பதமும் எளிதில் கூடாது.

இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன். ஒரு கிலோ நாரத்தை. சாற்றைப் பிழிந்து தனியே வைத்துவிட்டு, தோலைத் தீக்குச்சி கனத்தில் சீவினேன். விதையையும் சக்கையையும் மெல்லிய துணியில் முடிச்சுப் போட்டு, தோலோடு இரண்டரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டேன். இறுகச் செய்யும் பெக்டின் விதையிலும் வெள்ளைத் தோலிலும்தான் இருக்கிறது. காலையில் அந்தத் தண்ணீரே கொழகொழவென்றிருந்தது. சாற்றையும் ஊற்றி, இரண்டு மணி நேரம் சிறுதீயில் வேகவிட்டேன். சீவலை இரு விரலுக்கு நடுவே நசுக்கினால் மசிய வேண்டும். அதுவரை சர்க்கரையைத் தொடக் கூடாது, போட்டுவிட்டால் தோல் விறைத்து அதற்குமேல் வேகாது. பிறகு முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, இரண்டு கிலோ சர்க்கரை, நல்ல தீ, தட்டில் சொட்டு. இறக்கியதும் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். சூட்டோடு குப்பியில் ஊற்றினால் சீவலெல்லாம் மேலே மிதந்துவிடும்.

இந்தச் செய்முறையில் தோல் எத்தனை இடத்தில் எத்தனை விதமாக வருகிறது என்று பாருங்கள். நிறமும் மணமும் உள்ள மேல்தோல், பஞ்சு போன்ற வெள்ளைத் தோல், சுளையை மூடிய சவ்வு, நறுக்கிய சீவல். ஆங்கிலத்தில் நான்குக்கும் தனிப் பெயர். நம் மொழிபெயர்ப்புகளில் நான்கும் 'தோல்'. மேல்தோலை மட்டும் துருவச் சொன்ன இடத்தில் தோலைத் துருவு என்று எழுதி, கேக்கைக் கசக்க வைத்தவர்கள் உண்டு. அகராதி பார்த்து மொழிபெயர்க்கிறவர்கள் ஒரே ஒரு முறை பழத்தைக் கையில் எடுத்து உரித்துப் பார்த்தால் சொல் தானாக வாயில் வரும். உணவகங்களில் 'வெங்காய மார்மலேட்' என்று வருகிறதே, அதைப் போன வாரம் 'வெங்காயப் பழக்கூழ்' என்று எழுதியிருந்தார்கள். வெங்காயம் எப்போது பழமானது? எண்ணெயில் வதக்கி, புளிப்பும் இனிப்பும் சேர்த்துச் சுருளச் சுருளக் கிண்டுவதற்கு நம்மிடம் தொக்கு இருக்கிறது. வெங்காயத் தொக்கு என்று எழுதினால் எந்த வீட்டிலும் புரியும்.

ஆறு குப்பி வந்தது. ஒவ்வொன்றிலும் 'நாரத்தைத் தோற்பாகு, மாசி' என்று எழுதி ஒட்டினேன். இரண்டை அம்மா எடுத்து வைத்துக்கொண்டு, தோசைக்குத் தொட்டுக்கொள்கிறார்.